பிஷப்பின் தீர்ப்பு

"சகோதரி ஜனீல், சனிக்கிழமை கூட்டத்துல அந்தக் கட்டுரையை வாசிக்கத்தான் போறீங்களா?"

"வாசிப்பேன், பிஷப்."

துறவறம் என்பதே இல்லாத மார்மன் கிறிஸ்தவ சபையில், ஆரம்ப நாட்களில் பெண்களும் நோயாளிகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்கள். அந்த உரிமை எப்படிப் பறிபோனது என்று பல வருடம் ஆராய்ந்து எழுதியிருந்தாள் ஜனீல்.

"அதுல பொய் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"பொய்னு யார் சொன்னா? நடந்ததை எழுதினதோட விட்டிருக்கலாம். திருப்பிக் கொடுங்கன்னுல்ல கேக்குறீங்க! இங்க நாலு குடும்பம் ஏற்கெனவே விசுவாசத்துல ஆடிப்போய்க் கிடக்கு. மேலிடத்துலயும் என்னைக் குடையறாங்க."

"குடையட்டும். ஒரு வரியைக்கூட எடுக்க மாட்டேன்."

"அப்போ உங்க கோயில் அட்டையை நான் வாங்கித்தான் ஆகணும்."

அட்டை இல்லாதவர்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள்.

"வர்ற மாசம் அங்கதான் ப்ரின்லி கல்யாணம். பெத்தவ வெளியில நிக்கணுமா?"

"அதை நினைச்சாவது வாசிக்காம இருங்க." என்றார் பிஷப்.

ஜனீல் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

விளக்கை அணைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு பிஷப்பும் அவளோடு வெளியே வந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"நம்ம பொண்ணுகிட்ட யாரு சொல்றது, ஜனீல்? நீயே சொல்லிடேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட பிஷப் சொல்லிட்டாரு. அவகிட்ட அவ அப்பா சொல்லட்டும்."