எழுதியவர் பெயர்

"அண்ணே, இது நான் எழுதுனது. கீழ உங்க பேரு எப்படி வந்துச்சு?"

மலேசியாவின் கிள்ளான் நகரில் இருந்த அந்த வளையல் கடைக்குள் நுழைந்ததுமே வாணி கைபேசியை நீட்டினாள். கடைக்காரர் சுகுமாறன் எட்டிப் பார்த்தார்.

'என் மாமியாரும் ஏர் ஃபிரையரும்.' செந்தூலில் தன் வீட்டுச் சமையலறையில் நடந்த கூத்தை, மாமியாருக்கு முகநூல் தெரியாது என்ற தைரியத்தில் வாணி எழுதிப் போட்டிருந்தாள். அவள் பக்கத்தில் அதற்கு இருபது லைக் கூட வரவில்லை. சுகுமாறன் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தது.

"சத்தியமா நான் திருடல சிஸ்டர். வாட்ஸ்அப்ல பேரே இல்லாம வந்துச்சு. மொட்டையா இருக்கேன்னு என் பேரைப் போட்டேன்."

"பேரை எடுத்ததோட விட்டீங்களா? எழுபது வயசு மாமியாரை அறுபதாக்கிட்டீங்க!"

"ஐயோ, அது நான் இல்ல லா. வந்ததே அப்படித்தான்."

அவர் உடனே தன் பெயரை அழித்துவிட்டு, வாணியின் முகநூல் பக்கத்தைப் பார்த்துத் தட்டினார். "வாணி முகுந்தன், செந்தூல். சரியா சிஸ்டர்?"

"ஊர் பேரெல்லாம் வேணாம் பாஸ். அம்மாவுக்குத் தெரிஞ்சா எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது" என்றான் பின்னால் நின்ற கணவன் முகுந்தன்.

வாணி ஒரு கணம் யோசித்தாள். "இருக்கட்டும். எழுதுனது நான்தானே. போடுங்க அண்ணே."

பிறகு கேட்டாள்: "உங்களுக்கு இதை யாரு அனுப்புனா?"

"என் பெரியம்மா, புனிதா. அவங்களும் செந்தூல்தான்." அவரே எண்ணை அழுத்தி, பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"அதுவா தம்பி?" என்று மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "எங்க பஜனை குரூப்ல இராஜம்மாதான் போட்டாங்க."

வாணியும் முகுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இராஜம்மா முகுந்தனின் அம்மா.

வீடு வந்து சேரும்வரை வாணி தான் எழுதியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஏர் ஃபிரையருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது, அது 'டிங்' என்றதும் வாசல் கதவைத் திறக்க ஓடியது, எல்லாவற்றையும் மாமியார் படித்திருக்கிறார்.

இராஜம்மா சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை... அந்த ஏர் ஃபிரையர் கதையை நீங்கதான் அனுப்புனீங்களா?"

"ஆமா. எனக்கு முகநூல் தெரியாதுன்னு நெனச்சியா?"

"கோவமா அத்தை?"

"கோவமா? நான் அழுது அழுது சிரிச்சேன். இவ்வளவு நல்லா எழுதியிருக்கியே, நாலு பேரு படிக்கட்டும்னுதான் அனுப்புனேன். புனிதா ஒரு வாரமா அதையே சொல்லிச் சிரிக்கிறா!"

வாணிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் அவள் எழுத்தை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

"அப்புறம் ஏன் அத்தை என் பேரை எடுத்தீங்க?"

இராஜம்மா வெட்கத்துடன் குரலைத் தாழ்த்தினார்.

"உன் பேரு இருந்தா, அந்த மாமியார் நான்தான்னு தெரிஞ்சிடாதா?"