இடது ஓரத்து மங்கல்

கேமராவோடு சேர்ந்தே வரும் மலிவான லென்ஸ்தான் கிட் லென்ஸ். ஹஃபீஸா தன்னுடைய பழைய கிட் லென்ஸை என் ஸ்டுடியோக் கண்ணாடி மேஜையில் வைத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதை எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டு, கடையிலிருக்கும் புதிய கிட் லென்ஸை நான் தரவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நிக்காஹ். பெண்கள் பக்கம் இவள்தான் எடுக்கிறாள். லென்ஸ் பழசு என்று பெண்வீட்டார் முகம் சுளித்தார்களாம். மாற்றாவிட்டால் மதுரையிலிருந்து வேறொருத்தி வந்துவிடுவாளாம்.

"நீ எடுத்த படம் ஏதாவது காட்டும்மா" என்றேன்.

கையை விரித்தாள். எங்கள் வழக்கம் அப்படி. பெண்கள் பக்கம் எடுத்த படமெல்லாம் மெமரி கார்டோடு மணப்பெண்ணின் அம்மா கைக்குப் போய்விடும். எடுத்தவளிடம் ஒன்றும் மிஞ்சாது. எந்தப் படத்தை எடுத்தது யாரென்று ஆண்களுக்குத் தெரியவும் தெரியாது.

சரி என்று இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றி மாட்டி, எதிரே இருந்த பேண்டேஜ் துணிக்கடையின் போர்டை எடுத்தேன். லேப்டாப்பில் பெரிதாக்கினேன்.

புதியதில் எல்லா எழுத்தும் கூர்மை. அவளுடையதில் நடுப்பகுதி பரவாயில்லை. இடது ஓரத்து எழுத்துகள் மட்டும் தண்ணீர் பட்ட மை மாதிரி கலைந்திருந்தன.

"கீழ போட்டியா?"

"ஒரே ஒரு தடவ, மாமா."

இருபத்தாறு வருடமாக ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வாய் சும்மா இருக்குமா? நல்ல லென்ஸ் என்றால் எப்படி இருக்கும் தெரியுமா என்று பர்ஸிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டினேன்.

என் தங்கை மகள் கல்யாணத்தில் எடுத்தது. பாயில் வரிசையாக என் மனைவி சம்சாத் பேகமும் அவள் அக்கா தங்கைகளும். சம்சாத் வாயைப் பொத்தாமல், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். அடேயப்பா, என்ன சிரிப்பு!

நான் கேமராவைத் தூக்கினால் அவள் ரேஷன் கார்டு முகத்தை வைத்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்காகவே விலை கூடிய லென்ஸாக மூன்று வாங்கிவிட்டேன். ஒன்றிலும் அகப்படவில்லை. யார் எடுத்தது என்று கேட்டால், "பொம்பளைக விசயம் ஒங்களுக்கு எதுக்கு?" என்பாள். படத்தைக்கூடக் கெஞ்சித்தான் வாங்கினேன்.

"இதாம்மா லென்சு! ஒன்னோடத வச்சு இப்படி ஒண்ணு எடுத்திர முடியுமா?"

ஹஃபீஸா செத்த நேரம் படத்தையே பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் லென்ஸை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

படத்தைப் பர்ஸில் செருகும்போதுதான் என் கண் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே சம்சாத்தின் அக்கா. அவள் முகம் மட்டும் கலைந்திருக்கும். தலையை ஆட்டிக் கெடுத்துவிட்டாள் என்று மூன்று வருடமாக அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

லேப்டாப்பைப் பார்த்தேன். மறுபடி படத்தைப் பார்த்தேன். அதே ஓரம். அதே மங்கல்.

"ஏம்மா, இது நீயா..."

"பொம்பளைக பக்கம் எடுத்ததப் பத்திப் பேசுறதில்ல, மாமா."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. புதிய லென்ஸை எடுத்து அவள் பைக்குள் வைத்தேன். பழையதை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கிழம இத வச்சு எடு. திங்கக்கிழம அந்தப் பழச மாட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. சம்சாத்த எடுக்கணும்."

தலையாட்டிவிட்டு வாசல்வரை போனவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான் வீட்டுல இருக்க மாட்டேன்."