கூரை ஏற வந்தவர்கள்

"மூணாவது ஆளையும் துரத்திட்டீங்களாமே?"

ஹவுஸ் ஓனர் படியேறி வந்த மூச்சிரைப்போடு கேட்டார். மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை.

"துரத்தலை சார். ஏற வேண்டாம்னு சொன்னேன், போயிட்டாரு."

ஓனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம்தான். ஒழுகுவது அவள் தலைக்கு மேலே. ஓடு மாற்றித் தர ஒத்துக்கொண்டது அவர். கேட்டதும் செய்து தருகிற ஓனர் எத்தனை பேருக்கு வாய்க்கிறார்? அவளோ மெஷினை நடு அறைக்கு இழுத்துப் போட்டு, மூலையில் இரண்டு வாளியை வைத்துவிட்டு, வருகிற ஆளையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். கூரைக்கு ஏணி வைக்க வேண்டுமென்றால் அவள் பால்கனியில்தான் வைத்தாக வேண்டும். அந்தத் தைரியம்.

முதலில் வந்த கான்ட்ராக்டர் செல்போனில் நூறு கூரைப் படம் காட்டினார். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. மேலே ஏறினால் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கயிறு எங்கே என்று மட்டும் கேட்டாள். இருபது வருஷமாக ஏறுகிறேன், ஓட்டு மேல் ஓடியே காட்டுவேன் என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். ஓடுவதானால் தெருவில் ஓடுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டாள்.

இரண்டாவது ஆள் கயிறு கொண்டு வந்திருந்தார். நல்ல தடிமனான கயிறு.

"இது ஓடு தூக்கறதுக்கும்மா. கை நழுவினா உடைஞ்சிடும் பாருங்க."

"நீங்க விழுந்தா உடைய மாட்டீங்களா?"

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாவது ஆள் ஓனருடைய மச்சானின் சிநேகிதர். விஷயம் கேள்விப்பட்டு, புத்தம் புது சேஃப்டி பெல்ட்டோடு வந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. போட்டுக் காட்டுங்கள் என்றாள். எதில் காலை விடுவது, எதில் கையை விடுவது என்று தெரியாமல் மனிதர் கால் மணி நேரம் பால்கனியில் அந்தப் பெல்ட்டோடு மல்லுக்கட்டினார். அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், மச்சானிடம் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதற்குத்தான் ஓனர் இப்போது வந்து நிற்கிறார்.

"ஏறி இறங்கறவங்களுக்கே இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கும்மா? என் கூரை, நான் கூப்பிட்ட ஆளு. ஞாயித்துக்கிழமை அவர் மறுபடி வருவாரு. வழி விடறதுன்னா விடுங்க. இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க."

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். எழுந்து நின்றாள்.

"காலி பண்றேன் சார். துணி குடுக்கறவங்க எல்லாம் இந்தத் தெருக்காரங்க, வேற இடத்துக்குப் போனா என் பொழப்பு படுத்துடும். இருந்தாலும் பண்றேன். ஆனா நான் இங்க இருக்கற வரைக்கும், கயிறு கட்டாம என் பால்கனி வழியா ஒருத்தரும் ஏற முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள நானே ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றேன். வரலைன்னா சாவி உங்க கையில."

குடியிருப்பவளுக்கு இவ்வளவு திமிரா என்று ஓனர் கீழே போய் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். மனைவிக்கும் அது திமிராகத்தான் பட்டது.

அடுத்த மூன்று நாள் மெஷின் சத்தமே இல்லை. தையல்காரம்மா தெருத் தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். எங்கே கூரை வேலை நடந்தாலும் நின்று, மேலே இருப்பவரின் இடுப்பைப் பார்த்தாள். பார்க்கிறவர்கள் ஏதோ மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சனிக்கிழமை சாயந்திரம் ஒரு வீட்டுக் கூரையில் நாலு பேர். நாலு இடுப்பிலும் கயிறு இருந்தது.

ஞாயிறு காலை அவர்களுடைய மேஸ்திரி ஆட்களோடு வந்தார். முன்னால் வந்த மூவரும் கீழே நின்றபடியே மொத்தக் கூரையும் மாற்ற வேண்டும் என்று சொன்னவர்கள். இவர் முதலில் அறைக்குள் போய் டார்ச் அடித்து ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்த்தார். முப்பது ஓடும் ஒரு சட்டமும் மாற்றினால் போதும் என்றார். அப்புறம் கயிற்றை எங்கே கட்டினால் தாங்கும் என்று பார்க்கவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

இந்தச் சின்ன வேலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஓனர் பல்லைக் கடித்தார்.

"பழைய ஓடு சார். பார்த்தா எல்லாமே நல்ல ஓடாத்தான் தெரியும். கால் வெச்சாத்தான் அதோட குணம் தெரியும்" என்றார் மேஸ்திரி.

பன்னிரண்டு மணிக்கு ஒரு ஓட்டின் குணம் தெரிந்தது. காலடியில் அது பொடிய, மேலே இருந்தவர்களில் ஒருவர் சரிவில் சறுக்கிக்கொண்டே வந்து கூரை விளிம்பில் நின்றார். கயிறு விறைத்து இழுத்துப் பிடித்திருந்தது. மேஸ்திரி ஒரு அதட்டல் போட, அவர் தூசியைத் தட்டிவிட்டு மறுபடி மேலே போனார். கீழே ஓனர் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லாரும் பத்திரமாக இறங்கிப் போன பிறகுதான் தையல்காரம்மா பால்கனிக் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஓனர் நேரில் சொல்லக் கூச்சப்பட்டு மனைவியை அனுப்பியிருந்தார். வீட்டைக் காலி பண்ண வேண்டாம் என்று அந்த அம்மாள் சொன்னார். சொல்லிவிட்டும் போக மனம் வரவில்லை. அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வைராக்கியம் ஒருத்திக்குச் சும்மா வந்துவிடுமா?

அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்ல யாராவது இப்படி விழுந்துட்டாங்களாம்மா?"

"எங்க வீட்ல யாரும் விழலக்கா" என்றாள் தையல்காரம்மா. "நாளைக்குக் கயிறோட வந்து ஏறறேன்னு சொன்ன மனுஷனை, மழை வருது, இன்னிக்கே ஏறுங்கன்னு எங்க வீட்டுக் கூரையில ஏத்திவிட்டது நான்தான்."