சுவரில் தொங்கிய நேர்கோடு

"கரைசலோட செறிவு ஏற ஏற, மரபணுச் சில்லுல ஒட்டியிருக்கிற ஒவ்வொரு மரபணுப் புள்ளியோட ஒளியும் ஏறணும். உன் வரைபடத்துல எல்லாம் சிதறிக் கிடக்கு. சுவர்ல என்னோடதைப் பாரு. அப்படி வராம உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடமாட்டேன்."

பேராசிரியர் ஆய்வு மாணவிக்கு வழக்கம்போலச் சுவரைக் காட்டினார். அவருக்கு விருது வாங்கித் தந்த வரைபடம் சட்டத்துக்குள் தொங்கியது. ஒரு புள்ளிகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

மறுநாள் மாணவி புது வரைபடத்தை நீட்டினாள். அச்சு அசலாக அதே நேர்கோடு.

பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "எப்படிம்மா செஞ்சே?"

"உங்களோடதை உத்துப் பார்த்துத்தான் சார். சாஃப்ட்வேர்ல கீழ் அச்சுக்குச் செறிவைக் கொடுத்தேன்."

"சரி."

"பக்க அச்சுக்கும் அதே செறிவையே கொடுத்தேன். ஒளியை எங்கயும் போடல."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரருகே போனார். விருது வாங்கிய வரைபடத்தின் அச்சுகளை முதல்முறையாகப் படித்தார். இரண்டிலும் 'செறிவு'.

பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது.