முதலில் உலக நிலைமை

கடலுக்கு அப்பால் இரண்டு யானைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அதைக் கண்டிக்கச் செவ்வெறும்புகள் புற்றுக்குள் கூட்டம் போட்டன.

வாசலில் காவல் நின்ற எறும்பு மூச்சிரைக்க ஓடி வந்தது. "தோழர், கோழி நம்ம புத்தைக் கிளறுது!"

"உள்ளூர்ப் பிரச்சினை கடைசியில்தான், தோழர். முதலில் உலக நிலைமை," என்றது தலைமை எறும்பு.

"அந்த யானைங்களுக்கு நாம இருக்கிறதே தெரியாது. கோழிக்கு நல்லாத் தெரியும்!"

"உட்காருங்கள். 'கண்டிக்கிறோம்' போதுமா, 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' வேண்டுமா என்று விவாதம் நடக்கிறது."

காவல் எறும்பு தலையில் அடித்துக்கொண்டு தனியாகவே வாசலுக்கு ஓடியது.

கடைசியில் 'வன்மையாக' ஜெயித்தது. தலைமை எறும்பு தலை நிமிராமல் தீர்மானத்தை முழுவதும் வாசித்து முடித்தது. "அடுத்தது, உள்ளூர் நிலைமை" என்று நிமிர்ந்தால், கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எதிரே ஒருவருமில்லை.

"கோரத்துக்குப் போதிய உறுப்பினர்கள் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று முறைப்படி அறிவித்தது, கோழியின் அலகில் இருந்தபடியே.