எதையும் தொடாத இழை

இது எதன்மேல் சாய்ந்திருக்கிறது? அக்னஸ் மனத்துக்குள் கேட்டுக்கொண்டாள்.

திண்டிவனத்துக் கல்லூரி ஆய்வகத்தில், தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோகுழாய் ஒன்றை இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே அந்தரத்தில் நிறுத்தியிருந்தாள். கண்ணாடியோ தங்கமோ, ஏதாவது ஒரு பரப்பின்மேல் பட்டாலே அதில் ஓடும் மின்சாரம் மாறிவிடும். எதையும் தொடாமல் அது எப்படியிருக்கும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. இந்த வாரம் முழுக்க, காலை எட்டு நாற்பதிலிருந்து எட்டு ஐம்பத்தொன்றுவரை, எதன்மேலோ படுத்திருக்கும் குழாயின் அளவையே மீட்டர் காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது அந்தரத்தில்தான் இருந்தது.

விழுப்புரம் ரயில் மயிலத்தை விட்டுத் திண்டிவனம் வந்துசேரும் நேரம் அது. அவள் கணவன் ஜோஸ்வின் அந்தப் பதினோரு நிமிடமும் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவான். அவனை அடக்கம் செய்து இரண்டு வருடமாகியும், பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு அதே ரயிலில்தான் வந்தாள். போதுமென்று தோன்றி, இந்தத் திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். இரவும் பகலும் தானாகப் பதிவாகும் அளவு மாறியதும் திங்கட்கிழமையிலிருந்துதான்.

வழிகாட்டிப் பேராசிரியர் நடராசன் மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, உன் குழாய் ட்யூட்டியில தூங்கிக்கினு இருக்குதா? பிச்சிப் போட்டுட்டு ஜல்தியா வேற ஒண்ணு மாட்டு. அடுத்த வாரம் தீசிஸ் குடுக்கலன்னா உன் நாலு வருஷமும் வீணாப் போயிடும்."

மணி எட்டு நாற்பத்தைந்து. குழாய் இருந்த பெட்டியைத் திறக்க அதன் மூடியின்மேல் வைத்திருந்த கையை அக்னஸ் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"எழுப்ப வேணாம் சார்," என்றாள்.