ஆட்டுக்கு எதிர்ப்பக்கத்து இலை

ஒரு வீட்டு அரிச்சுவடிப் புத்தகத்தில் ‘ஆ’வுக்கு ஆடு இடப்பக்கம், ‘இ’க்கு இலை வலப்பக்கம். புத்தகத்தை மூடினால் ஆட்டின் வாய் சரியாக இலைமேல் பதியும்.

“அண்ணே, தின்னுடாதீங்க,” என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சும் இலை.

“நான் வெறும் படம்மா. படம் எங்கேயாவது திங்குமா?”

“உங்க ஆளுங்க சினிமா போஸ்டரையே விடுறதில்லையே!”

ஆட்டுக்குச் சுருக்கென்றது. “உன்னைத் தின்னா ‘இ’க்கு யார் நிப்பாங்க? எழுத்துக்குன்னு ஒரு மரியாதை இல்லையா? நீ இந்த வீட்டுப் பாப்பா நறுமுகைகிட்ட ஜாக்கிரதையா இரு. அதுக்குப் பல் முளைக்குது.”

“அவளா? என்மேல உயிரையே வச்சிருக்கா. தினமும் முத்தம் கொடுக்கிறா.”

“முத்தமில்லை. ருசி பார்க்கிறா.”

“உங்களுக்குப் பொறாமை,” என்றது இலை.

மறுநாள் மாலை அப்பா மகளை மடியில் வைத்துப் புத்தகத்தைத் திறந்தார். இலையில் காம்பு மட்டுமே மிச்சம்.

“அடடா, யாரும்மா தின்னது?”

உதட்டில் பச்சைத் துணுக்கு ஒட்டியிருக்க, நறுமுகை ஆட்டின்மேல் விரலை வைத்தாள்.

அப்பா ஆட்டை உற்றுப் பார்த்தார்.

“அப்பவே நினைச்சேன். இவன் முழியே சரியில்லை.”